கறுப்பு இல்லாத திங்கட்கிழமை

மெயில் பெட்டிகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நல்ல வேலைதான். ஆனால் வீட்டில் யாருக்கும் அதை விளக்கிப் புரியவைக்க முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதாகத்தான் என் மாமியார் கடைசிவரை லிட்டில் இந்தியா முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்திப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வேலை ஒழுங்காக நடந்தால் யாரும் நம்மைக் கவனிக்கமாட்டார்கள். ஒன்று தவறினால் கட்டடம் முழுக்க நம் பெயர்தான் அடிபடும்.

ஓய்வு பெற்றுப் போனவளைக் கூப்பிட்டு, புதியவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எதை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் பழகிய கருவிகளில் பாதி இன்று புழக்கத்திலேயே இல்லை. அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். எதையும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டிய நேரம் ஒன்று வரும். எனக்கு அது ஒரு மீன் பண்ணையில் வந்தது.

சில வருடங்களுக்கு முன், ஊரின் மேற்கு ஓரமான சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடுகள் முடிந்து பண்ணைகள் தொடங்கும் இடத்தில், ஓர் அலங்கார மீன் பண்ணையின் மெயிலை மாற்றும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பண்ணையை நடத்துபவர் செல்வி. நாற்பதைத் தாண்டியவர். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே அலுவலக அறைக்குள் வந்து, நின்றபடியே மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டு மறுபடி தொட்டிகளுக்குப் போய்விடுவார். அவருடைய பழைய சர்வர் மாடிப்படிக்குக் கீழே, தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் மூடியைத் திறந்ததும் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அதிலிருந்த மெயிலையெல்லாம் இணையத்தில் இருக்கும் புதிய சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். சின்ன வேலை என்றார் எங்கள் மேலாளர். யாராவது அப்படிச் சொன்னால் உடனே உஷாராகிவிடுங்கள்.

செல்விக்கு அது நெருக்கடியான சமயம். குளிர் நாடு ஒன்றில் இருக்கும் ஒரு வியாபாரிதான் அவருடைய மீன்களில் பாதிக்குமேல் வாங்குகிறவர். அதற்கு முந்தைய முறை அனுப்பிய சரக்கு வழியில் எங்கோ தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளில் பெரும்பாலும் செத்த மீன்கள்தான் இருந்தன. யார்மேல் தவறு என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வியாபாரி கத்தவில்லை, சண்டை போடவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை வாங்கிப் பார்க்கிறேன், அதுவும் இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று நிதானமாக எழுதிவிட்டார். அவர் போய்விட்டால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று செல்வி என்னிடம் முதல் நாளே சொன்னார். அந்த ஒரு முறை என்பது, நாங்கள் மெயிலை மாற்றி முடிக்கும் வாரக் கடைசிக்கு அடுத்த திங்கட்கிழமை. தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். பழைய சர்வர் அடிக்கடி நின்றுபோவதால் அதுதான் தனக்குப் பெரிய பயம், சரக்கு போகும் நாளில் அது படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் பெட்டி. வாங்குபவர், விமான நிறுவனம், சரக்கு முகவர் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். மெயில் வந்தால் தானாகவே அதற்குரிய ஃபோல்டருக்குப் போய்விடும். அப்படிப்பட்ட ஃபோல்டர்கள் திரையை நிறைத்துக்கொண்டு கீழே கீழே போகும். படிக்காத மெயில் தடித்த கறுப்பு எழுத்தில் தெரியும், படித்ததும் எழுத்து மெலிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்கெல்லாம் அது படித்ததா படிக்காததா என்பதற்கான அடையாளம். அவர்களுக்கு அப்படி இல்லை. மெயிலைப் படித்தவர், அதில் சொன்ன வேலை முடியாவிட்டால், அதை மறுபடி படிக்காததாக மாற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மீனைப் பிடித்து, வழியில் பைத் தண்ணீர் அழுக்காகாமலிருக்கப் பட்டினி போட்டு, பையில் கட்டி அனுப்பிய பிறகுதான் எழுத்து மெலிய விடுவார்கள். காலையில் வந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இன்னைக்கு எத்தனை கறுப்பு என்பதுதான்.

இதெல்லாம் எனக்கு அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் தெரியும். முன்னால் நான் கேட்டவை நீங்களும் கேட்கப்போகும் கேள்விகளே. எத்தனை பேர், பெட்டி எவ்வளவு பெரிது, எந்த நேரத்தில் நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் செல்வி தெளிவாகப் பதில் சொன்னார். மெயிலை வைத்து நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. தினமும் செய்கிற காரியத்தை யார் போய் விளக்குவார்கள்?

இதில் எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மெயில் மாற்றினோம். பழைய மெயில் முழுவதும் படிக்காததாகவே போய் இறங்கி, எல்லோருடைய கைப்பேசியும் காலையிலிருந்து ஓயாமல் மணியடித்தது. நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. எங்கே மாற்றினாலும், மாற்றும் மெயில் அனைத்தையும் படித்ததாகவே கொண்டுபோய் வைத்துவிடுவோம். வாடிக்கையாளர்கள் நன்றி சொன்னார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. ஓரிடத்தில் வாங்கிய சூட்டுக்கு இன்னோரிடத்தில் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை பிற்பகலிலிருந்து யாரும் மெயிலைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். ஞாயிறு முழுக்க ஓடி முடிந்தது. பழையதில் இருந்த எண்ணிக்கையும் புதியதில் வந்த எண்ணிக்கையும் அச்சாகப் பொருந்தின. திங்கட்கிழமை காலையில் நான் நேராகப் பண்ணைக்கே போனேன். இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு அவ்வளவு தூரம் என்று மேலாளர் கேட்டார். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இருந்த ஒரு மேலதிகாரி, மாற்றிய மறுநாள் காலையில் அவர்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திரு, ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையிலிருந்து பட்டினி போட்ட, டிஸ்கஸ் என்ற அலங்கார மீன்களை விடியற்காலையிலேயே ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் கட்டி, ஸ்டைரோஃபோம் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். செல்வி புதிய மெயில் பெட்டியைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எந்த ஃபோல்டரின் பெயரும் தடிப்பாக இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கறுப்பு ஒன்றுகூட இல்லை, எந்தத் தகராறும் இல்லை என்று சொல்லி, லாரி ஓட்டும் பாலாவுக்குக் கையசைத்தார். லாரி சாங்கி விமான நிலையத்துக்குப் புறப்பட்டது. எனக்குக் குடிக்க ஒரு கோப்பி வந்தது. வேலை முடிந்தது என்று நானும் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

கோப்பி பாதி இருக்கும்போது ரஹீம் உள்ளே வந்தார். மீன்களைப் பையில் கட்டும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

“நான் சனிக்கிழமை ஒரு கறுப்பு விட்டுட்டுப் போனேனே, அந்தக் கப்பி மீன் ஆர்டரு. அதை யாரு முடிச்சது?”

யாரும் முடிக்கவில்லை. கப்பிகள் தொட்டியிலேயே நீந்திக்கொண்டிருந்தன. கறுப்பு என்றால் என்ன என்று நான் கேட்டேன். ரஹீம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கறுப்பு இல்லை என்றால் வேலை பாக்கி இல்லை என்று நம்பித்தான் செல்வி லாரியை அனுப்பியிருந்தார். அந்த வெள்ளையான திரையை அவருக்குக் கொடுத்தது நாங்கள்.

செல்வி பதறிப்போய் அந்த வியாபாரியின் ஃபோல்டரைத் திறந்தார். கடைசி மெயில் சனிக்கிழமை காலையில் வந்தது. அனுப்புங்கள், காத்திருக்கிறேன் என்றுதான் இருந்தது. செல்விக்குப் போன உயிர் திரும்பியது. ஒன்றும் இல்லை, லாரி போகட்டும் என்றார்.

அனேகமாக அவர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சரக்கைப் பற்றி அந்த வியாபாரி மட்டுமா எழுதுவார்? விமான நிறுவனம் எழுதலாம், இரண்டு பக்கத்துச் சரக்கு முகவர்களும் எழுதலாம். அத்தனை ஃபோல்டர்களில் எங்கே எது கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. லாரியைத் திருப்பினால், விஷயம் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தாலும் விமானம் போய்விட்டிருக்கும், அந்த வியாபாரியும் போய்விடுவார். திருப்பாவிட்டால், ஏதாவது இருந்தால், மீன்கள் போய்விடும். எது செய்தாலும் பின்னால் அதை அழிக்க முடியாது. ஏதாவது செய், உடனே செய் என்று மனசு பிடித்துத் தள்ளும் பாருங்கள், அதுதான் மிக ஆபத்தான நேரம்.

நான் செல்வியிடம் சொன்னேன்: “லாரியைத் திருப்ப வேணாம். போகட்டும். ஆனா பாலாகிட்ட சொல்லுங்க, சாங்கியில போய் ஓரமா நிறுத்திட்டு நிக்கணும். நாம கூப்பிடுற வரைக்கும் ஒரு பெட்டியும் கை மாறக் கூடாது.”

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெயிலை மாற்ற வந்தவள் லாரிக்கு உத்தரவு போடுகிறாளே என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் சொன்னபடி பாலாவைக் கூப்பிட்டார். பாலா அப்போது விரைவுச்சாலையில் இருந்தார். சரக்கை ஒப்படைக்கக் கெடு இருக்கிறது, அதைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள் என்று எச்சரித்துவிட்டு, சரி என்றார். அந்தக் கெடுவரை எங்களுக்கு நேரம் கிடைத்தது. லாரி ஓடவும் செய்தது, பெட்டிகள் எங்கள் கையைவிட்டுப் போகவும் இல்லை.

அடுத்து செல்வி செய்யப்போனது நியாயமான காரியம்தான். பழைய சர்வரில் கறுப்புகள் அப்படியே இருக்குமே, திறந்து பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கணினிக்குப் போனார். நான் பாய்ந்து போய் மௌஸைப் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பழைய மெயில் நிரல், மெயிலின் மேல் ஒரு கணம் நின்றாலே அதைப் படித்ததாகக் குறித்துவிடும். உலகத்திலேயே அந்தக் கறுப்புகள் மிச்சமிருந்த ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தத் தும்மல் பெட்டிதான். ஆளுக்கு ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் அதுவும் போயிருக்கும். கைப்பேசியில் திறந்தாலும் அதே கதைதான் என்பதால், எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு வாளிக்குள் போடும்படி ரஹீமிடம் சொன்னேன். காலி வாளிதான். அவர்களும் கொடுத்தார்கள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் பயம். எல்லாவற்றையும் பழைய சர்வருக்கே திருப்பிவிடு, பிரச்சினை தீர்ந்தது என்றார். காலையிலிருந்து புதியதில் வந்து இறங்கிய மெயில் என்ன ஆகும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் புதியதையே வைத்துக்கொண்டு மேலே போ, எண்ணிக்கைதான் பொருந்திவிட்டதே என்றார். பழைய சர்வரை எடுத்துப் போய் அதன் ஹார்ட் டிஸ்க்கை நொறுக்கும் ஆட்கள் மதியம் வருவார்கள் என்றும் நினைவுபடுத்தினார்.

“சார், மெயில் எல்லாம் வந்துருச்சு. இவங்க வேலை இன்னும் வரல. அந்த ஆளுங்களை இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க. பழசையும் நிறுத்த மாட்டேன், புதுசையும் நிறுத்த மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆட்களை நிறுத்திவைத்தார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு வேலை தொடங்கியது. எந்த மெயிலையும் திறக்காமல், படிக்காதவை எவை என்று மட்டும் சர்வரைக் கேட்கும் வழி எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இன்றே கற்றுக்கொள்ளுங்கள். நான் மாடிப்படிக்குக் கீழே தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, யாரிடமிருந்து, என்ன தலைப்பு என்று சத்தமாக வாசித்தேன். வாசலில் நின்ற ரஹீம் அதைக் கேட்டு உள்ளே சொன்னார். செல்வி புதிய பெட்டியில் அதே மெயிலைத் தேடிப் பிடித்து, மறுபடி கறுப்பாக்கினார். வரிசைப்படி பழையதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கை பழக்கத்தில் போகப் பார்த்தது. இல்லை, கடைசியாக வந்ததிலிருந்து பின்னோக்கிப் போவோம், லாரி நிற்கிறது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

விளம்பரம், தீவனக் கம்பெனி, இன்னொரு விளம்பரம் என்று வந்தது. அடுத்து ஒரு சரக்கு முகவரின் பெயரை வாசித்தேன். அந்தக் குளிர் நாட்டில், விமான நிலையத்தில் மீன்களை விடுவித்துக் கொடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருந்தார். தலைப்பிலேயே அவசரம் என்று இருந்தது. நான் எழுந்து அறைக்குள் போனேன்.

செல்வி திரையை என் பக்கம் திருப்பினார். அங்கே கடுமையான பனிப்புயல். பயணிகள் விமானங்கள் எப்படியோ இறங்குகின்றன. ஆனால் உயிருள்ள சரக்கைச் சோதித்து விடுவிக்கும் கால்நடை மருத்துவர்கள் வர வழியில்லை. சாலை திறக்கும்வரை எந்த மீன் பெட்டியும் வெளியே வராது, சரக்குக் கூடத்தில் போதிய சூடும் கிடையாது, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். எந்த மெயிலையும் செல்வி தவறவிடமாட்டார் என்ற நம்பிக்கையில் அந்த முகவர் தொலைபேசியில் அழைக்கவில்லையாம்.

ரஹீம்தான் வாளியிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துப் பாலாவைக் கூப்பிட்டார். கெடுவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பாலா பெட்டிகளோடு திரும்பினார்.

லாரி வந்ததும் பைகளைப் பிரிக்காமல் அப்படியே தொட்டிகளில் மிதக்கவிட்டார்கள். பைக்குள் இருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமாம். அவசரப்பட்டுக் கொட்டினால் நல்ல மீனும் செத்துப்போகும் என்று ரஹீம் சொன்னார். நான் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நீலக் கோடுகளோடு தட்டு மாதிரி வட்டமாக இருந்த மீன்கள் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஓரமாகப் போய் நின்றுகொண்டன. செல்வி பக்கத்தில் நின்று அழுதார். அந்த அழுகையில் பயமும் இருந்தது, கோபமும் இருந்தது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துதான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கறுப்பையும் முடிச்சுடலாம்க்கா என்றார். மாலைவரை உட்கார்ந்து முடித்தோம். ரஹீமின் கப்பியும் அதில் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாரும் பெட்டியின் அளவைக் கேட்டு ஆரம்பிப்பதில்லை. காலையில் வந்ததும் மெயிலில் முதலில் எதைப் பார்ப்பீர்கள், ஒரு வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்போம். ஒருவர் குப்பைத் தொட்டி ஃபோல்டரில்தான் முக்கியமானதை வைத்திருப்பார். இன்னொருவர் அனுப்பாத வரைவுகளில் குடும்பக் கணக்கே எழுதிவைத்திருப்பார். சிரிப்பு வரும், சிரிக்காதீர்கள். அவர்கள் வீட்டில் சாமான் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். நாம் வீடு மாற்றிக் கொடுக்க வந்தவர்கள், ஒழுங்குபடுத்த வந்தவர்கள் அல்ல.

நெருக்கடி வரும்போது மிகச் சரியான முடிவைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் அது யாருக்கும் கிடைக்காது. பின்னால் மாற்றிக்கொள்ள முடிகிற காரியம் எது என்று பாருங்கள். அதை மட்டும் செய்யுங்கள். லாரியைத் திருப்பாதீர்கள், ஒப்படைக்கவும் விடாதீர்கள். பழையதை நிறுத்தாதீர்கள், புதியதையும் பிடுங்காதீர்கள். உங்களைச் சுற்றி எல்லோரும் முழு முடிவு கேட்பார்கள், அரை முடிவு சொல்கிறவர்களுக்கு மரியாதை குறைவு. குறைந்தால் குறையட்டும்.

சாலை திறந்த பிறகு அதே மீன்கள் மறுபடி பட்டினி கிடந்து, மறுபடி பையேறிப் போயின. நான் அப்போது வேறு வேலையில் இருந்தேன். ஒருநாள் மாலை, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி நின்றிருந்தபோது, செல்வியிடமிருந்து ஒரு காணொளி வந்தது. அந்த வியாபாரி எடுத்து அனுப்பியது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பனி. உள்ளே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. நீலக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாகத் தீவனத்துக்கு மேலே வந்துகொண்டிருந்தன. அடுத்த மாதத்துக்கும் கேட்டிருக்கிறார் என்று செல்வி கீழே ஒரு வரி எழுதியிருந்தார். நான் இத்தனை காலம் இடம் மாற்றிய எதையும் கண்ணால் பார்த்ததில்லை, எண் பொருந்தினால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொள்வேன். இவற்றில் ஒன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. ரயிலில் நின்றபடி நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் என் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினேன்.

“நாங்க அனுப்பினது” என்றேன்.